டிரக் ஓட்டுநருக்கு வேக டிக்கெட்: அபராதம் கட்டுவதற்கு முன் வழக்கறிஞரிடம் பேசுங்கள்

கேள்வி இதுதான். டெக்சாஸில் சிடிஎல் என்னும் வணிக வாகன ஓட்டுநர் உரிமம் எடுத்த ஒரு தம்பி, கலிபோர்னியாவில் ஐ-5 நெடுஞ்சாலை வழியாக லோடு ஏற்றிய டிரக்கை ஓட்டிச் செல்கையில் 72 மைல் வேகத்தில் போனதாக டிக்கெட் வாங்கியிருக்கிறார். வழியில் இருந்த பலகையில் 70 என்று போட்டிருந்தது. டிக்கெட்டிலோ 55 மைல் வரம்பு என்று எழுதியிருக்கிறது. ஆன்லைனில் அபராதத்தைக் கட்டி முடித்துவிடலாமா, வழக்கறிஞர் வைப்பது வீண் செலவா, அவ்வளவு தூரம் மறுபடி போகாமல் வழக்கை நடத்த முடியுமா என்று கேட்கிறார்.

கட்டாதீர்கள். வழக்கறிஞர் வைப்பது வீண் செலவல்ல. நேரில் போகாமல் நடத்தவும் பெரும்பாலும் முடியும். நான் வழக்கறிஞர் அல்ல. டிரக் நிறுவனங்களின் பாதுகாப்புப் பிரிவில் ஓட்டுநர்களின் டிக்கெட்டுகளையும் ஓட்டுநர் பதிவேடுகளையும் பல ஆண்டுகள் கையாண்டவன். அபராதத் தொகையை மட்டும் பார்த்து அவசரமாகப் பணம் கட்டிவிட்டு, பிறகு வேலையை இழந்து நிற்கும் ஓட்டுநர்களைப் பார்க்கும்போது மனம் பதைக்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் அந்த 70, 55 குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். கலிபோர்னியாவில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட அச்சுகள் கொண்ட டிரக்குகளுக்கும், வேறொரு வண்டியை இழுத்துச் செல்லும் எந்த வாகனத்துக்கும் உச்ச வேகம் 55 மைல். வாகனச் சட்டத்தின் 22406ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. 70 என்ற பலகை கார்களுக்கானது. டெக்சாஸில் காருக்கும் டிரக்குக்கும் ஒரே வரம்பில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே அடிக்கடி மாட்டிக்கொள்கிறார்கள். உங்கள் கணக்கில் நீங்கள் இரண்டு மைல் கூடுதலாகப் போனீர்கள். சட்டத்தின் கணக்கில் பதினேழு மைல் கூடுதல். இந்தப் பதினேழு என்ற எண்தான் உங்கள் வழக்கின் உயிர்நாடி.

ஏனென்றால், மத்திய அரசின் விதித் தொகுப்பில் (சிஎஃப்ஆர்) உள்ள 49 சிஎஃப்ஆர் 383.51 என்ற விதி, வரம்பைவிட 15 மைல் அல்லது அதற்கு மேல் போவதைத் 'தீவிர விதிமீறல்' என்று வகைப்படுத்துகிறது. மூன்று ஆண்டுகளுக்குள் வெவ்வேறு சம்பவங்களில் இப்படி இரண்டு குற்றத்தீர்ப்புகள் வந்தால் வணிக வாகனம் ஓட்ட 60 நாள் தடை. மூன்று வந்தால் 120 நாள். இந்தத் தடைக் காலத்தில் 'வேலைக்கு மட்டும் ஓட்டிக்கொள்கிறேன்' என்று சலுகை உரிமம் கேட்க முடியாது. வணிக வாகனத்துக்கு அப்படி ஓர் உரிமம் தர மாநிலங்களுக்கு அனுமதி இல்லை. இரண்டும் வேக டிக்கெட்டாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. முன்வண்டியை நெருக்கமாகத் தொடர்வது, முறையற்ற தடமாற்றம், பொறுப்பற்ற ஓட்டுதல், ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவது, குறுஞ்செய்தி அனுப்புவது ஆகிய எல்லாமே இதே பட்டியலில் இருக்கின்றன. போன வருடம் கைபேசிக்காக ஒரு டிக்கெட் கட்டியிருந்தால், இப்போது இந்த வேக டிக்கெட்டையும் கட்டுகிற அன்றே நீங்கள் இரண்டாவது குற்றத்தீர்ப்பை உங்கள் கையாலேயே எழுதிக்கொள்கிறீர்கள்.

'கட்டுவது' என்பதற்கு இங்கே என்ன பொருள் என்பதைப் பலர் அறிவதில்லை. மத்திய விதியில் குற்றத்தீர்ப்பு என்பதன் வரையறை மிக அகலமானது. நீதிமன்றம் குற்றவாளி என்று சொல்வது மட்டுமல்ல. குற்றத்தை ஒப்புக்கொள்வது, 'எதிர்க்கவில்லை' என்று சொல்லும் நோலோ கன்டென்டரே வாதத்தை நீதிமன்றம் ஏற்பது, பிணைத்தொகையை விட்டுக்கொடுப்பது, அபராதத்தையோ நீதிமன்றக் கட்டணத்தையோ செலுத்துவது எல்லாமே குற்றத்தீர்ப்புதான். தண்டனையை நிறுத்தி வைத்தாலும் தள்ளுபடி செய்தாலும் அது மாறாது. எனவே ஆன்லைனில் அட்டை எண்ணைத் தட்டுவதும், நீதிபதி முன் நின்று 'ஆம், செய்தேன்' என்று சொல்வதும் ஒன்றே.

கார் ஓட்டும் நண்பர்கள் ஆலோசனை சொல்வார்கள்: 'டிராஃபிக் ஸ்கூல் என்ற பாதுகாப்பு ஓட்டுதல் வகுப்புக்குப் போய்விடு, பதிவில் ஏறாது.' அவர்களுக்கு அது உண்மை, உங்களுக்கு அல்ல. 49 சிஎஃப்ஆர் 384.226 என்ற விதி, சிடிஎல் வைத்திருப்பவரின் குற்றத்தீர்ப்பை மறைக்கவோ, தீர்ப்பைத் தள்ளிவைக்கவோ, பதிவேட்டுக்குப் போகாதபடி வேறு திட்டத்தில் சேர்க்கவோ மாநிலங்களைத் தடுக்கிறது. பார்க்கிங், வாகன எடை, வாகனக் குறைபாடு தவிர மற்ற போக்குவரத்து மீறல்களுக்கு, சொந்தக் காரில் போனாலும் இது பொருந்தும். உங்கள் டெக்சாஸிலேயே, டிக்கெட்டுக்கு மற்றவர்களுக்குக் கிடைக்கும் ஒத்திவைப்புத் தீர்ப்பு சிடிஎல் உள்ளவருக்குக் கிடையாது. ஆகவே 'நல்ல பையன், ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்ற வழி அடைபட்டிருக்கிறது. நீதிபதி இரக்கப்பட்டாலும் அவர் கையும் கட்டப்பட்டிருக்கும்.

அப்படியானால் வழக்கறிஞர் என்னதான் செய்வார்? மறைப்பதற்குத்தான் தடை. சாட்சியத்தின் வலுவைப் பொறுத்து, தீர்ப்புக்கு முன்பே குற்றச்சாட்டை மாற்றுவது பற்றி அரசு வழக்கறிஞருடன் நேர்மையாகப் பேசுவதற்குத் தடை இல்லை. பதினேழு மைல் என்பது பதினான்காகவோ அதற்குக் கீழாகவோ இறங்கினால், அது இன்னும் வேக மீறல்தான், அபராதமும் இருக்கும். ஆனால் 'தீவிர விதிமீறல்' பட்டியலிலிருந்து வெளியே வந்துவிடும். நீங்கள் வழக்கறிஞருக்குக் கொடுக்கும் பணம் அபராதத்தை மிச்சப்படுத்த அல்ல, இந்த ஒரு கோட்டைத் தாண்டாமல் நிற்க. இதைப் புரிந்துகொண்டால் சில நூறு டாலர் கட்டணம் பெரிதாகத் தெரியாது.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். சிடிஎல் விதிகள் தெரியாத வழக்கறிஞர்கள், வேகக் குற்றச்சாட்டை 'பாதுகாப்பற்ற தடமாற்றம்' போன்ற வேறொன்றாக மாற்றி வாங்கிக்கொடுத்துவிட்டு வெற்றி என்று நினைப்பார்கள். கார் ஓட்டுநருக்கு அது நல்ல ஏற்பாடாக இருக்கலாம். முறையற்ற தடமாற்றமும் தீவிர விதிமீறல் பட்டியலில் இருப்பதால் உங்களுக்கு அது ஒரு குழியிலிருந்து எடுத்து இன்னொரு குழியில் போடுவதே. எந்த ஒப்பந்தத்துக்கும் தலையாட்டுவதற்கு முன், 'இந்தப் புதிய பிரிவு 383.51 பட்டியலில் இருக்கிறதா?' என்று வழக்கறிஞரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். பதில் உடனே வரவில்லை என்றால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை.

இப்போது டிக்கெட்டை எடுத்து, பிரிவு எண் என்னவென்று பாருங்கள். கலிபோர்னியாவில் இது மிக முக்கியம். 22406 என்று மட்டும் இருந்தால் அது வெறும் அபராத மீறல். 22406.1 என்று இருந்தால், வணிக வாகனத்தில் வரம்பைவிட 15 மைல் அல்லது அதற்கு மேல் போனதற்கான 'மிஸ்டிமீனர்' குற்றச்சாட்டு, அதாவது குற்றவியல் வழக்கு. உங்கள் எண்ணிக்கை பதினேழு என்பதால் இரண்டாவதாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால் ஆன்லைனில் கட்டி முடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும்.

குற்றவியல் வழக்கு என்றதும் பயம் வரும். ஆனால் அதனால் உங்களுக்குச் சில உரிமைகளும் வருகின்றன. ஜூரி விசாரணை கேட்கலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று நிரூபித்தால் அரசு செலவில் வழக்கறிஞர் கேட்கலாம். எதிர்ப்பக்கத்தில் ஓர் அரசு வழக்கறிஞர் இருப்பார். வெறும் அபராத மீறல் விசாரணைகளில் பெரும்பாலும் காவலர் மட்டுமே வருவார், பேசித் தீர்க்க எதிரில் ஆளே இருக்காது. மிஸ்டிமீனர் வழக்குகளில் நீங்கள் அமர்த்திய வழக்கறிஞர், தண்டனைச் சட்டத் தொகுப்பின் 977ஆம் பிரிவின்படி, பெரும்பாலும் உங்கள் சார்பில் தனியே ஆஜராக முடியும். டெக்சாஸிலிருந்து லோடு இல்லாமல் கலிபோர்னியா வரை போய்வரும் செலவையும் இழக்கும் நாட்களையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். இது ஒன்றுக்காகவே வழக்கறிஞர் வைக்கலாம்.

22406 மட்டும் என்றால் எழுத்து மூலம் விசாரணை கேட்கும் வழியும் கலிபோர்னியாவில் உண்டு. பிணைத்தொகையை முன்கூட்டியே கட்டி, உங்கள் வாக்குமூலத்தையும் ஆதாரங்களையும் தபாலில் அனுப்பலாம். தோற்றால், முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 20 நாட்களுக்குள் நேரடியாகப் புதிய விசாரணை கேட்கலாம். இதில் கட்டுவது பிணை. வழக்கு முடியும்வரை அது குற்றத்தீர்ப்பு ஆகாது. ஆனாலும், பதினேழு மைல் என்று எழுதப்பட்ட டிக்கெட்டுக்கு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இந்த வழியில் இறங்காதீர்கள். எழுத்தில் நீங்கள் சொல்லும் ஒவ்வொரு வரியும் உங்களுக்கு எதிராகவும் நிற்கும். 'நான் 70 என்று நினைத்துத்தான் ஓட்டினேன்' என்று நேர்மையாக எழுதினால், 55க்கு மேல் போனதை ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

டிக்கெட்டில் கையெழுத்துப் போட்டதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதல்ல; குறிப்பிட்ட தேதிக்குள் நீதிமன்றத்தை அணுகுவேன் என்ற வாக்குறுதி. அந்த வாக்குறுதியை வேண்டுமென்றே மீறுவது கலிபோர்னியாவில் தனிக் குற்றம், பிடியாணை பிறப்பிக்கப்படலாம். நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரும் என்று காத்திருக்காதீர்கள். உரிமத்தில் பழைய முகவரி இருந்தால் கடிதம் அங்கே போய்க் கிடக்கும். தேதி உங்களுக்காகக் காத்திராது.

வழக்கறிஞரை எப்படித் தேடுவது? டிக்கெட் வாங்கிய கவுண்டியில் தொழில் செய்பவராக இருக்க வேண்டும். டெக்சாஸ் வழக்கறிஞர் கலிபோர்னியாவில் உரிமம் பெற்றிருந்தாலன்றி அங்கே வாதாட முடியாது. அதே நீதிமன்றத்துக்கு வாராவாரம் போகிறவருக்கு, அங்குள்ள அரசு வழக்கறிஞர் எதற்கு இறங்கி வருவார், எதற்கு வரமாட்டார் என்பது தெரியும். புத்தகத்தில் கிடைக்காத அறிவு அது. கலிபோர்னியா மாநில வழக்கறிஞர் சங்கத்தின் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் அவருடைய உரிமம் செல்லுபடியாகிறதா, அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை ஏதும் இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம். அந்தச் சங்கம் சான்றளித்த வழக்கறிஞர் பரிந்துரைச் சேவைகளும் உண்டு.

நாடு முழுவதும் 'சிடிஎல் டிக்கெட் உதவி' என்று விளம்பரம் செய்யும் சேவைகள் நிறைய இருக்கின்றன. சில நன்றாகவே நடக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் இடைத்தரகர்கள். உங்கள் வழக்கை உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுப்பார்கள். அவர் பெயரையும் உரிம எண்ணையும் பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். சொல்லத் தயங்கினால் விலகுங்கள். 'நூறு சதவீதம் தள்ளுபடி ஆகிவிடும்' என்று உறுதி கொடுப்பவரிடமிருந்து இன்னும் வேகமாக விலகுங்கள். முடிவை எந்த நேர்மையான வழக்கறிஞரும் உறுதி சொல்ல மாட்டார். மாதச் சந்தா கட்டும் சட்ட உதவித் திட்டம் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். சேர்வதற்கு முன் வாங்கிய டிக்கெட்டைப் பல திட்டங்கள் ஏற்பதில்லை. சொந்த டிரக் வைத்திருப்பவர்களின் சங்கமான ஓஓஐடிஏ 1973 முதல் இயங்குகிறது. சொந்த டிரக் என்றால் அங்கும் விசாரிக்கலாம். ஏழைகளுக்கான இலவசச் சட்ட உதவி அமைப்புகள் பொதுவாக வேக டிக்கெட்டுகளை எடுப்பதில்லை. நீதிமன்றத்தின் சுய உதவி மையம் படிவங்களை விளக்கும், உங்களுக்காக வாதாடாது.

முதல் பேச்சிலேயே கட்டணம் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். மொத்தமாக ஒரே தொகையா? வழக்கு விசாரணை வரை போனால் அதுவும் அந்தத் தொகைக்குள் வருமா, தனியா? நீதிமன்றத்துக்கு அவரே போவாரா, வேறு ஒருவரை அனுப்புவாரா? எழுத்தில் ஒப்பந்தம் தருவாரா? இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நம் ஆட்களில் பலர் வழக்கறிஞர் முன் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிட்டு வந்து, பிறகு என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவரிடம் கேளுங்கள், அவர்தான் பணம் வாங்குகிறார்.

உங்கள் நிறுவனத்தின் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார் என்று மேலாளர் சொன்னால், நன்றி சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்: அவர் யாருக்காக வாதாடுகிறார்? நிறுவனத்தின் நலனும் உங்கள் நலனும் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகும். ஆனால் 'காலை ஆறு மணிக்குள் லோடு இறங்கியே ஆக வேண்டும்' என்று லோடுகளை ஒதுக்கி அனுப்பும் டிஸ்பாட்சர் நெருக்கியதால் நீங்கள் வேகமாகப் போயிருந்தால், அங்கே இரண்டும் பிரிகின்றன. வேக வரம்பை மீறினால் மட்டுமே முடியக்கூடிய பயணத்தைத் திட்டமிடுவது நிறுவனத்துக்கே தடை செய்யப்பட்டது. 49 சிஎஃப்ஆர் 392.6 அதைச் சொல்கிறது. விதியை மீறுமாறு ஓட்டுநரை மிரட்டுவதற்கு எதிரான விதி 2016 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. டிரக் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான எஃப்எம்சிஎஸ்ஏவிடம் 90 நாட்களுக்குள் புகார் செய்யலாம். விதியை மீற மறுத்ததற்காக வேலையை விட்டு நீக்கினால், தொழிலாளர் துறையின் பணியிடப் பாதுகாப்புப் பிரிவான ஓஷாவிடம் 180 நாட்களுக்குள் புகார் செய்யலாம். இவை டிக்கெட்டுக்கு விடை ஆகா. அது ஓட்டியவர் தலையில்தான் விழும். ஆனால் டிஸ்பாட்சர் அனுப்பிய குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.

ஆதாரங்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கேதான் டிரக் ஓட்டுநருக்குக் கார் ஓட்டுநரிடம் இல்லாத பலம் இருக்கிறது. பல நிறுவனங்கள் டிரக்கின் வேகத்தை என்ஜின் கணினியிலேயே கட்டுப்படுத்தி வைக்கின்றன. உங்கள் டிரக் 65 மைலுக்கு மேல் போகாதபடி அமைக்கப்பட்டிருந்தால், 72 என்ற டிக்கெட்டே சந்தேகத்துக்கு உரியது. அந்த அமைப்பை உறுதிசெய்யும் கடிதத்தையும் என்ஜின் கணினி அறிக்கையையும் நிறுவனத்திடம் வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள். இறக்கத்தில் பாரம் தள்ளும்போது இந்தக் கட்டுப்பாட்டையும் தாண்டி வேகம் ஏறும் என்பது அரசுத் தரப்புக்கும் தெரியும். எனவே நிறுத்தப்பட்ட இடம் சமதளமா, மலை இறக்கமா என்பதும் சேர்ந்து வரவேண்டும். சென்ட்ரல் வேலியின் சமதளத்தில் என்றால் உங்கள் பக்கம் பலமாகிறது. கிரேப்வைன் இறக்கத்தில் என்றால் அவ்வளவு இல்லை.

ஓட்டும் நேரத்தைப் பதியும் மின்னணுக் கருவியான ஈஎல்டியின் பதிவும் ஜிபிஎஸ் பதிவும் இரு பக்கமும் வெட்டும். ஈஎல்டி ஓட்டத்தின்போது இருப்பிடத்தை மணிக்கு ஒருமுறைதான் கட்டாயமாகப் பதிவு செய்கிறது. அது அந்தக் கணத்து வேகத்தைச் சொல்லாமல் போகலாம். நிறுவனத்தின் கண்காணிப்புக் கருவியோ பல நேரம் நொடிக் கணக்கில் பதிவு செய்யும். அதில் 66 என்று இருந்தால் உங்களைக் காப்பாற்றும். 73 என்று இருந்தால் தீர்த்துவிடும். ஆகவே அதை முதலில் வழக்கறிஞர் பார்க்கட்டும். நீங்களாக நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள். டேஷ் கேமரா காட்சி சில நாட்களில் தானே அழிந்து, அதன்மேல் புதியது பதிவாகும். இன்றைக்கே எடுத்துப் பாதுகாக்கச் சொல்லுங்கள். சொன்னதை மின்னஞ்சலில் எழுத்தாகவும் அனுப்புங்கள்.

காவலர் வேகத்தை எப்படி அளந்தார் என்பதை வழக்கறிஞர் தோண்டுவார். ரேடாரா, லேசரா, பின்தொடர்ந்து வந்து தன் காரின் வேகமானியைப் பார்த்தாரா? ரேடார் என்றால் கருவியின் சோதனைப் பதிவு, காவலரின் பயிற்சி, பக்கத்துத் தடத்தில் வேறு வண்டி போனதா என்பது. பின்தொடர்ந்து அளந்தது என்றால் எவ்வளவு தூரம் ஒரே இடைவெளியில் வந்தார், அவர் காரின் வேகமானி எப்போது சரிபார்க்கப்பட்டது என்பது. பதினேழைப் பதினான்காகக் குறைக்கும் பேச்சில் இந்தச் சிறு சந்தேகங்கள்தான் கைகொடுக்கும், மூன்று மைல் இடைவெளிதானே. கலிபோர்னியாவில் 'பொறியியல் ஆய்வு இல்லாத இடத்தில் ரேடார் செல்லாது' என்று இணையத்தில் படித்துவிட்டுச் சிலர் உற்சாகமாகப் போகிறார்கள். சூழ்நிலையைப் பொறுத்து மாறக்கூடிய உள்ளூர் வரம்புகளுக்கான விதி அது. டிரக்கின் 55 மைல் உச்ச வரம்புக்கு அது உதவாது. 'மூன்று அச்சு அல்லது அதற்கு மேல் 55' என்ற பலகை அந்தப் பகுதியில் எங்கே இருக்கிறது, நீங்கள் ஏறிய நுழைவுச் சாலைக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பார்ப்பது மேல், 22406.1இன் வாசகம் அறிவிக்கப்பட்ட வரம்பைப் பற்றியே பேசுகிறது.

நீதிமன்றத்தில் ஆங்கிலத்தில் சொல்லத் தடுமாற்றம் இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். கலிபோர்னியா நீதிமன்றங்கள் இலவசமாகத் தருகின்றன; தமிழுக்கு ஆள் தேடச் சில நாள் ஆகும் என்பதால் முன்கூட்டியே கேட்க வேண்டும். சாலையோரச் சோதனையில் ஆங்கிலத் தேர்ச்சி பார்ப்பது வேறு விஷயம். 2025 ஜூன் 25 முதல் அதில் தவறினால் ஓட்டுநரை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். குடியுரிமைக்கோ கிரீன் கார்டுக்கோ விண்ணப்பிக்கும் நிலையில் இருப்பவர்கள், மிஸ்டிமீனர் என்று தெரிந்ததும் குடிவரவு வழக்கறிஞரிடமும் சொல்லிவிடுங்கள். அந்தப் படிவங்கள் கைதைப் பற்றி மட்டுமல்ல, டிக்கெட்டைப் பற்றியும் கேட்கின்றன.

வேறு மாநிலத்தில் டிக்கெட் வாங்கியவர்களுக்காக இரண்டு எச்சரிக்கைகள். வர்ஜீனியாவில் மணிக்கு 85 மைலுக்கு மேலோ, வரம்பைவிட 20 மைல் அல்லது அதற்கு மேலோ போனால் அது 'பொறுப்பற்ற ஓட்டுதல்'. சிறைத்தண்டனை வரை போகக்கூடிய குற்றவியல் வழக்கு. நியூயார்க் நகரின் ஐந்து பகுதிகளிலும் டிக்கெட்டை விசாரிக்கும் போக்குவரத்து மீறல் பிரிவில் பேசித் தீர்ப்பது என்பதே கிடையாது; குற்றவாளி அல்லது இல்லை, அவ்வளவுதான். அங்கே வழக்கறிஞரின் வேலை முழுக்கச் சாட்சியை உடைப்பதே. ஒன்ராறியோவில் ஓட்டும் நம்மவர்களுக்கு வழி வேறு: அங்கே லா சொசைட்டி ஆஃப் ஒன்ராறியோவின் உரிமம் பெற்ற பாராலீகல், அதாவது வழக்கறிஞர் அல்லாத சட்டப் பணியாளர், உங்களுக்காக வாதாடலாம், டிக்கெட்டுக்கு 15 நாட்களுக்குள் பதில் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் பாராலீகல் உங்களுக்காக நீதிமன்றத்தில் நிற்க முடியாது. முடியும் என்று சொல்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்து ஏதாவது ஒரு குற்றத்தீர்ப்பு வந்தால், 30 நாட்களுக்குள் உங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தாலும் தெரிந்துவிடும்: தீர்ப்பு 10 நாட்களுக்குள் உங்கள் உரிம மாநிலத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது விதி, நிறுவனமும் ஆண்டுதோறும் உங்கள் ஓட்டுநர் பதிவைப் பார்த்தாக வேண்டும்.

நல்ல முடிவு வந்தாலும் வேலை முடியவில்லை. டிக்கெட் கொடுத்தபோது காவலர் சோதனை அறிக்கையும் எழுதியிருந்தால், அந்த வேக மீறல் நீதிமன்றத்துக்கு வெளியே இன்னோர் இடத்தில் பதிவாகியிருக்கும். அது சிஎஸ்ஏ எனப்படும் நிறுவனத்தின் பாதுகாப்பு மதிப்பெண்ணைப் பாதிக்கும். புதிய நிறுவனங்கள் பார்க்கும், உங்கள் சோதனை வரலாற்றைக் காட்டும் பிஎஸ்பி அறிக்கையிலும் மூன்று ஆண்டுகள் இருக்கும். 2014 ஆகஸ்ட் 23க்குப் பிந்தைய சோதனைகளுக்கு, வழக்கு தள்ளுபடி ஆனாலோ நீங்கள் குற்றவாளி இல்லை என்று தீர்ப்பானாலோ, டேட்டாக்யூஸ் என்ற மத்திய அமைப்பில் விண்ணப்பித்து அந்த மீறலை நீக்கக் கேட்கலாம். வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டிருந்தால் அதற்கேற்பத் திருத்தக் கேட்கலாம். இது தானாக நடக்காது. நீதிமன்ற முத்திரையுடன் கூடிய தீர்ப்பு நகலை வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கி, நீங்களோ நிறுவனமோ பதிவேற்ற வேண்டும். சில வாரங்கள் கழித்து டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையிலிருந்து உங்கள் ஓட்டுநர் பதிவை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தீர்ப்பில் இருக்கும் பிரிவும் பதிவில் ஏறியிருக்கும் பிரிவும் ஒன்றாக இல்லாவிட்டால், அதே வழக்கறிஞரை அன்றே அழைத்து, தீர்ப்பை அனுப்பிய நீதிமன்ற அலுவலகத்தில் திருத்தம் கேட்கச் சொல்லுங்கள்.